பேப்பரை மாற்றாத அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நினைவு மலரில் போனவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் அக்காவே கோபித்துக்கொள்வார். ஆகவே அவருடைய முன்கோபம், பிடிவாதம், யார் சமைத்தாலும் உப்பு சரியில்லை என்று சொல்லும் நாக்கு எல்லாவற்றையும் சேர்த்தே நினைத்துக்கொள்வோம்.

அக்கா பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகை வீட்டின் கீழ்ப் பகுதியில். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அப்பா கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் லைட்மேன். அந்த ஸ்டூடியோவில் பழைய சாமான்களைக் கழித்தபோது, படப்பிடிப்புக்கென்று வைத்திருந்த சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். ஐம்பதுகளில் செய்த வண்டி. "நாலு படத்துல வில்லன் ஓட்டினதுடா இது" என்று பெருமையாகச் சொல்வார். அந்த வில்லத்தனம் வண்டியை விட்டுப் போகவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா காலமானார். அப்போது அக்காவுக்கு இருபத்தாறு வயது. தி. நகரில் ஒரு பல் மருத்துவரிடம் பல் செட் செய்யும் வேலையில் இருந்தார். மெழுகில் அச்செடுப்பது, கம்பியை வளைப்பது, பொடி அரத்தால் தேய்ப்பது எல்லாம் அவருக்குக் கை வந்த கலை. "பாண்டி பஜார்ல சிரிக்கறவங்கள்ல பாதிப் பேர் என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கறாங்க" என்று அலட்டிக்கொள்வார்.

அப்பா போன பிறகு அம்மா வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்வந்தவர் அவர். பஸ்ஸும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம் என்று மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஞாயிறு, அக்கா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த வண்டியை நாலு உதை உதைத்துக் கிளப்பி, "ஏறும்மா" என்றார். அம்மா மறு பேச்சுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தார். திரும்பி வரும்போது அவர் கையில் சுண்டல் பொட்டலம் இருந்தது. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். அப்பா போய் எட்டு மாதம் கழித்து அன்றுதான் அம்மா எனக்கு என்று ஒன்றை நினைத்துக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தவறவில்லை.

பிரச்சினை கார்புரேட்டரில் வந்தது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் ஒரு பித்தளை மிதவை எழும்பி வழியை அடைக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது எழும்பவில்லை. டேங்க்கின் அடியில் பெட்ரோலை நிறுத்தும் குழாயும் வயதாகி முழுதாக மூடாது. மாடிப்படிக்கு அடியில் நின்ற வண்டி ஒழுகிக்கொண்டே இருந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்கார மாமா ஒருநாள் இறங்கி வந்தார்.

"அடுப்பெரியற ஆத்துல பெட்ரோல் வாசனை வந்துண்டே இருந்தா நான் எப்படிம்மா தூங்கறது? அமாவாசைக்குள்ள ஒழுகல் நிக்கணும். இல்லேன்னா வண்டி இங்க இருக்கப்படாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வேறு இடத்தில் நிறுத்த எங்களுக்கு வழியும் இல்லை. லஸ் பக்கத்திலிருந்து அக்கா அழைத்து வந்த மெக்கானிக் மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் தளும்பியது.

"ஓட்ட வுயிந்துகீதும்மா. உள்ள பெட்ரோல் பூந்துகினு முயுகுது. இந்த வண்டிக்கு ஸ்பேரு எங்க கீது? எடைக்குப் போட்டுட்டு வேற வேலயப் பாரு."

"ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்க வழி சொல்லுங்க. மீதிய நான் பார்த்துக்கறேன்" என்றார் அக்கா.

சுடுதண்ணீரில் மிதவையை அமுக்கினால் ஓட்டை வழியாகக் குமிழி வரும் என்று மெக்கானிக் சொல்லிக்கொடுத்தார். அப்படியே வந்தது, ஊசிமுனை அளவு ஓட்டை. உள்ளே இருந்த பெட்ரோலை வெளியேற்றிவிட்டு, பல் செட்டுக்கு வைத்திருந்த கெட்டி மெழுகை உருக்கி அக்கா அந்த இடத்தை அடைத்தார். தினமும் சாயங்காலம் வண்டிக்கு அடியில் ஒரு பழைய பேப்பரை விரிப்பார். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் பேப்பரில் கறை நிற்கும். மூன்று நாள் கறையே இல்லை. அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அமாவாசை அன்று காலை மாமா வந்து பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கு விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் பேப்பரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. எனக்கு அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைதான் கண்முன் வந்தது. அந்தப் பேப்பரைச் சுருட்டி என் பாய்க்கு அடியில் செருகிவிட்டு, வேறு ஒன்றை விரித்துவைத்தேன். மாமா வந்தார், குனிந்து பார்த்தார், "பரவால்லையே, நின்னுடுத்தே" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

அக்கா அந்தப் பேப்பரைக் கையில் எடுத்தார். "நான் விரிச்சது சனிக்கிழமை பேப்பர். இது வெள்ளிக்கிழமை பேப்பர்" என்றார்.

பத்தொன்பது வயதில் நான் வாங்கிய அறை அது. பாய்க்கு அடியிலிருந்து நிஜப் பேப்பரை எடுக்கச் சொல்லி, என்னையும் மாடிக்கு இழுத்துப் போனார். அம்மா கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, நீங்க பார்த்தது வேற பேப்பர். நேத்து விரிச்சது இதுதான். இன்னும் ஒழுகுது."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கறையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி போயிற்று என்றே நினைத்தேன். "சொல்லாம இருந்தா நேக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார் கடைசியில். "பௌர்ணமி வரைக்கும் பாரு. அதுவரை வண்டி வாசல்ல நிக்கட்டும், அடுப்புகிட்ட வேண்டாம்."

படி இறங்கும்போது அக்கா என்னிடம், "மறைச்சா ஒழுகல் நின்னுடுமா? மேல தூங்கறவங்களுக்கு என்னடா பதில் சொல்வே?" என்று கேட்டார்.

கிண்ணத்தைத் திறந்தபோது மெழுகு கரைந்து கொழகொழவென்று கிடந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "வாய்ல கரையாதது பெட்ரோல்ல கரைஞ்சிடுச்சுடா! வண்டிக்குப் பல் வைத்தியம் பார்த்திருக்கேன் பாரு!"

இந்த முறை மிதவையை நன்றாகக் காயவைத்து ஈயத்தால் பற்றவைத்தார். ஈயம் கூடிப்போய் மிதவை கனத்து, மறுபடியும் ஒழுகியது. பொடி அரத்தை எடுத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினார். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் பேப்பர் வெள்ளையாக இருந்தது. பௌர்ணமி அன்றும் அப்படியே. மாமா பேப்பரின் தேதியையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார். வண்டி மாடிப்படிக்கு அடியில் திரும்ப வந்தது. அந்த ஞாயிறு அம்மா புதுப் புடவை உடுத்திக்கொண்டார்.

அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். அக்கா ஆழ்வார்பேட்டையில் சொந்தமாகப் பல் செட் செய்யும் கூடம் வைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஒரு வண்டி, ஒரு தம்பி. ரெண்டும் ஒழுகற கேஸு, இதுக்கே நேரம் போதல" என்பார். நான் எளிதில் அழுதுவிடுபவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு அடையாறில் மருத்துவமனையில் இருந்தபோது, மருத்துவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "ஒண்ணும் இல்லக்கா, மருந்துல சரியாயிடுமாம்" என்றேன்.

அக்கா என் ஈர முகத்தைப் பார்த்தார். "பேப்பரை மாத்தாதடா" என்றார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, வரும் ஞாயிறு பெசன்ட் நகருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அதே பழைய வண்டியில் அவரைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டினேன். கியர் மாற்றத் தெரியவில்லை என்று வழியெல்லாம் திட்டினார்.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கடைசி நாளில் தோள் கொடுத்த வீட்டுக்கார மாமாவின் பிள்ளைகளுக்கும், அக்கா செய்து கொடுத்த பல்லோடு வந்து அழுத பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இந்த ஓராண்டாக நீங்கள் எல்லோரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது வேறு பேப்பர். அக்கா இல்லாமல் நான் நன்றாக இல்லை.