கடைசி வீட்டு ஆட்டுக்கல்

ரப்பர் விலை படுத்துக் கிடந்த முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஜொகூரில், லாபிஸ் ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் செம்மண் பாதையில் நடந்தால் ஒரு தோட்டம் வரும். அந்தத் தோட்டத்து ஆபீசில் என் கணவர் கிராணி, அதாவது குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்து அந்தக் கிராணி வீட்டில் குடித்தனம் வைத்திருந்தேன்.

குடித்தனம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடையாது. நான் வருவதற்குச் சில மாதம் முன்புதான் தோட்டத்தில் பாதி மரங்களில் பால் வெட்டுவதை நிறுத்தி, அந்தப் பக்கத்து ஆட்களைக் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே, வாய்க்காலைத் தாண்டி, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளாக நீளமாக ஒரு லயம். அதில் ஒரு வீட்டில்கூட அடுப்பு எரியவில்லை. மிச்சமிருந்த ஜனங்கள் எல்லாம் தோட்டத்தின் மறுகோடியில். என் கணவர் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். வந்தாலும் அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. நானோ வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவள்.

கோழிகளோடு பேச ஆரம்பித்தேன். ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வேதக்கோயில் நிறைய ஜனம். பாட்டுச் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இங்கே நான் ஒருத்தி பாட, கோழிகள் தலையைச் சாய்த்துக் கேட்கும். எங்கள் சபைப் போதகர் ரயிலேறி மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். சில மத்தியானங்களில் அந்தக் காலி லயத்தைப் பார்த்தபடி காரணமில்லாமல் அழுதிருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் செருப்பைக் கழற்றும்போதே ஒரு சேதி சொன்னார். டவுன் சபையின் வாலிபர் சங்கத்தார் வருகிற சனிக்கிழமை நம் வீட்டுக்கு வருகிறார்களாம், பத்துப் பன்னிரண்டு பேர், காலை ரயிலில் வந்து மத்தியான ரயிலில் திரும்புவார்களாம். எனக்கு அன்று ராத்திரித் தூக்கமே பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய தட்டுகளை எடுத்துத் துடைத்தேன். பாய்களை உதறி வெயிலில் போட்டேன். என்ன சமைப்பது என்று யோசிக்கவே இல்லை. ஆப்பமும் கோழிக் குழம்பும். நான் அடுப்படியில் நின்று சுடச்சுட ஊற்றிக் கொடுக்க, அவர்கள் போதும் போதும் என்று கையை மறைக்க, நான் விடாமல் இன்னொன்று வைக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். என் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

ஆப்பத்துக்குக் கள் வேண்டுமே. என் கணவர் கள் வாடையே ஆகாதவர். அவரை அரட்டிப் போத்தலைக் கொடுத்துத் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு அனுப்பினேன். கிராணியே கியூவில் நிற்பதைக் கண்டு அங்கே இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். மாவுக்குத்தான், மாவுக்குத்தான் என்று எல்லோரிடமும் விளக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனிதர்.

மாவு அரைத்தது ஒரு பழைய ஆட்டுக்கல்லில். லயத்தின் கடைசி வீட்டுப் பின்புறம், புல்லுக்குள் சாய்ந்து கிடந்தது அது. கப்பலேறினவர்கள் கல்லையா தூக்கிப் போவார்கள்? கிடக்கிறதே என்று மாட்டு வண்டிக்காரரிடம் சொல்லி, வாய்க்கால் தாண்டி உருட்டி வரச் செய்து, என் பின்வாசலில் போட்டுக்கொண்டேன். விளிம்பில் ஒரு மூலை உடைந்திருந்தாலும் மாவு வெண்ணெய் மாதிரி வரும்.

சனிக்கிழமை வந்தது. அவர்களும் வந்தார்கள். பையன்கள் வெள்ளைச் சட்டை, பெண்பிள்ளைகள் தாவணி. தலைவர் ஒரு இளம் பள்ளிக்கூட வாத்தியார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். வந்த உடனே வாளி எங்கே, விளக்குமாறு எங்கே என்று கேட்டார்கள். நான் விடியற்காலையில் கூட்டி வைத்த வாசலை மறுபடியும் கூட்டினார்கள். நிறைந்திருந்த தொட்டியில் வழிய வழியத் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு பையன்கள் கோழிக்கூட்டைச் செப்பனிடப் போய், கோழிகள் நாலா பக்கமும் ஓடின. பிறகு என்னை நடு வீட்டில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டு, வேதவாசிப்பு, தனிமையில் கர்த்தர் துணை என்று மாஸ்டரின் பேச்சு, ஜெபம். ஒருவர் முடிக்க அடுத்தவர் தயாராக நின்றார். கடைசியில் சோப்பும் பிஸ்கட்டும் வைத்த ஒரு பையை என் கையில் கொடுத்தார்கள்.

நன்றாகத்தான் பாடினார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால் நீ எந்த ஊர், உன் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஏதோ நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி மெதுவாகப் பேசினார்கள்.

போகட்டும், இனி சாப்பாடு என்று எழுந்தேன். மாஸ்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"உங்களுக்கு ஒரு சூசாவும் வேணாம் அக்கா. நாங்க சோறு கட்டிக்கிட்டு வந்துட்டோம். அந்த லயத்து அஞ்சடியில உக்காந்து சாப்பிட்டுக்கிறோம்."

சூசா என்றால் இந்த ஊர்ப் பேச்சில் சிரமம், அஞ்சடி என்றால் வீட்டு முன் நடைபாதை. ஆப்பம் இருக்கிறது, குழம்பு இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் சிரித்தபடி தலையாட்டினார். போகிற வீட்டில் கை நனைப்பதில்லை என்று சங்கத்தில் முடிவு செய்திருக்கிறார்களாம். அந்தப் பஞ்ச காலத்தில் யார் வீட்டு அரிசிப் பானை எப்படி இருக்குமோ என்று நினைத்து, நல்ல மனதோடு எடுத்த முடிவு என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை அழைக்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அவர்கள் வாய்க்காலைத் தாண்டிப் போய், காலி லயத்தின் முன்பக்க நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து பொட்டலம் பிரித்தார்கள். நான் அடுக்களைக்குள் வந்தேன். ஆப்ப மாவு பொங்கிப் பானை விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. தணல் சிவந்து கிடந்தது. இவ்வளவையும் யார் சாப்பிடுவது? கோழிக் குழம்பைக் கோழிகளுக்கா போட முடியும்? அவர்கள் வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இத்தனை பேர் எதிரே உட்கார்ந்திருந்த அந்த நேரம் போல நான் தனியாக இருந்ததே இல்லை.

அப்போது பின்பக்கம் ஏதோ அரவம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வந்தவர்களில் ஒரு பெண், பதினாலு பதினைந்து வயது இருக்கும், பாட்டு நேரத்தில் கடைசி வரிசையில் நின்றவள், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். உடைந்த மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தாள். மற்றவர்கள் எல்லாம் என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்க, இவள் வாயில் வந்தது வேறு.

"கிராணியம்மா, இது எங்க அம்மாவோட ஆட்டுக்கல்லு. என் தம்பி இதுலதான் தேங்கா ஒடச்சான். அம்மா அவன வாய்க்கா வரைக்கும் தொரத்துனாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். பிறகு மெல்ல மெல்லக் கேட்டேன். அந்தக் கடைசி வீடு அவர்களுடையது. படிப்பு நன்றாக வருகிறதே என்று போதகர் அவளை டவுன் விடுதியில் சேர்த்துவிட்டிருக்கிறார். அந்தச் சமயம் பார்த்துத் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். அப்பா, அம்மா, தம்பி கப்பலேறினார்கள். நீயாவது படி, விலை ஏறினதும் வந்துவிடுவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். வரவில்லை. சங்கத்தில் இந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், பேசாமல் நானும் வருகிறேன் என்று கை தூக்கியிருக்கிறாள். இது தன் வீடு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இவளை மாஸ்டர் கவனிக்கவில்லை என்றால், நான் மட்டும் கவனித்தேனா? பாட்டு முழுக்க அவள் முகம் ஜன்னல் வழியே லயத்தையே பார்த்திருந்தது. வெளியில் வேடிக்கை பார்க்கிற பெண் என்று மனதுக்குள் கடிந்துகொண்டவள் நான்.

உள்ளே வா என்றேன். வரவில்லை. பாட்டுக்குக் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டாளாம், ஆனால் இங்கே இருந்த காலத்தில் லயத்து ஜனங்கள் கிராணி வீட்டுப் படி ஏறினதில்லையாம், வாசலோடு சரியாம். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்பு முன்னால் பலகையில் உட்காரவைத்தேன். சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றி மூடி வைத்தேன். முதல் ஆப்பத்தைத் தேங்காய்ப் பாலோடு வைத்தேன். ஓரத்து முறுகலைப் பிய்த்து முதலில் தின்றாள். இரண்டாவது வைத்தேன். மூன்றாவது வைக்கும்போது அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புகையைச் சாக்கு வைத்துக்கொள்ள அடுப்பைப் போல வசதி எதுவுமில்லை.

கை கழுவிவிட்டு விறுவிறுவென்று வாய்க்காலைத் தாண்டிப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். மாஸ்டர் முன்னால் போய் நின்று அவள் சொன்னது இங்கே வரை கேட்டது.

"மாஸ்டர், நீங்க சாஞ்சு உக்காந்திருக்கிறது எங்க வீட்டுக் கதவு. எங்க அம்மா கல்லுல அரச்ச மாவு அங்க இருக்கு. வந்து சாப்பிடுங்க."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். பாதிச் சோற்றில் கை நின்றுவிட்டது. பிறகு அவர் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தார், பின்னாலேயே மற்றவர்களும். என் வீட்டு நடுக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பெண்தான் பரிமாறினாள். போதும் என்றவர்களை விடாமல் அவளும் இன்னொன்று வைத்தாள். குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று ஒரு பையன் சொன்னான். அன்று என் வீட்டில் கேட்ட பேச்சிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அப்புறம் எல்லோரும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள், என்னையும் அவளையும். ரயிலை ஓட்டமாக ஓடித்தான் பிடித்தார்களாம்.

அவர்கள் போன பிறகு வீடு மறுபடியும் வெறிச்சென்று ஆயிற்று. ஆனால் அடுத்த மாதம் மாஸ்டர் எழுதிக் கேட்டார், நாங்கள் சாப்பிட வரலாமா என்று. வந்தார்கள். கூட்டவில்லை, தண்ணீர் சுமக்கவில்லை, பேச்சும் இல்லை. அந்தப் பெண் முந்தின நாள் ரயிலிலேயே வந்து கல்லை ஆட்டினாள். நான் மாவைத் தள்ளிவிட்டேன். கிராணியம்மா என்பது எப்போது அக்கா ஆனது என்று நினைவில்லை.

கொஞ்ச காலம் கழித்து விலை ஏறியது. புதிதாக ஆட்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். லயத்தில் அடுப்புப் புகை எழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் வந்து முகம் முகமாகப் பார்த்துவிட்டு என் பின்வாசலில் வந்து உட்காருவாள். அவள் வீட்டார் அவர்களில் இல்லை. கடைசியில் ஊரிலிருந்து தகவல் வந்தது, நீயே வந்துவிடு என்று. விடைபெற வந்தபோது அந்தக் கல்லைக் கொண்டு போயேன் என்று சொன்னேன். சிரித்தாள்.

"எங்கம்மாவாலயே தூக்க முடியல. இங்கயே கெடக்கட்டும் அக்கா. நீங்க அரைங்க."

போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. நான் எழுதியவை போய்ச் சேர்ந்தனவோ என்னவோ. தங்கை போலப் பழகியவள். அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது, வேறு யாரும் வந்து உட்காரவில்லை. நாங்கள் மாற்றலாகிப் போன இடமெல்லாம் அந்தக் கல்லும் லாரியில் வந்தது, என் கணவரின் முணுமுணுப்போடு. இப்போது முணுமுணுக்க அவரும் இல்லை. ஆப்பத்துக்கு அரைக்கும் நாளில் எனக்கு ஒரு பிடி அரிசி போதும். கை தானாக இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டுவிடும்.

எங்கள் சபை வாலிபர்கள் இப்போதும் சேவைத் திட்டம் போட வட்டமாக உட்காரும்போது, பாட்டி, யாரைப் பார்க்கப் போகலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. யாரை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், போகிற இடத்தில் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடுங்கள் என்பேன். அதற்கு முன்னால் அந்த வட்டத்தையே ஒரு தடவை நன்றாகச் சுற்றிப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் அன்று என் தனிமையைப் போக்க வந்த கூட்டத்தில் என்னைவிடத் தனியாக ஒருத்தி நின்று பாடிக்கொண்டிருந்தாள், அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.