ஒரு சிலுவையின் ஓரம்

ஈரப் பலகையை மெஷினில் போடாதே என்று அவன் என்னிடம் எத்தனை முறை கத்தியிருப்பான்! அவன் செத்த அன்றைக்கே ஈரப் பலகையைத்தான் போட்டேன். மழையில் ஷெட் கூரை ஒழுகியிருந்தது. வேறு பலகை இல்லை.

அவனும் நானும் மறைமலைநகரில் ஒரே கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களாக இருந்தோம். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. காண்ட்ராக்ட் போனதும் படாளத்தில் ஒரு தகர ஷெட்டைப் பிடித்து, மரத்தில் எழுத்து வெட்டும் சி.என்.சி. ரவுட்டர் ஒன்றை இறக்கினோம். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், சுழலும் கத்திமுனையான பிட் அந்தக் கோட்டிலேயே ஓடிப் பலகையை வெட்டும். மாமல்லபுரம் கடற்கரையோரம் முளைத்துக்கொண்டே இருக்கும் ரிசார்ட்டுகளுக்குப் பெயர்ப்பலகை, 'நீச்சல் குளம் இந்தப் பக்கம்', 'மணலை உதறிவிட்டு வரவும்', இதுதான் எங்கள் பிழைப்பு. ஆர்டர் பிடிப்பதும் வரைவதும் நான். மெஷின் அவனுடையது. நான் தொட்டால் கடித்துவிடுவான்.

ஓரம் வழவழப்பாக வரவேண்டும் என்பதில் அவனுக்குப் பைத்தியம். முதலில் கோட்டைத் தொடாமல் மயிரிழை விட்டு வெட்டுவான். கடைசியாக ஒரே ஓட்டத்தில் அந்த மயிரிழையைச் சீவி எடுப்பான். மரம் சுருள் சுருளாகக் கொட்டவேண்டும். மாவாகக் கொட்டினால் பிட் மரத்தை வெட்டவில்லை, தேய்க்கிறது, ஓரம் கருகிவிடும். ஒரு நாள் நான் பயந்து வேகத்தைக் குறைத்தபோது அவனுக்கு வந்ததே கோபம்.

"இன்னா மச்சான், பம்மிகினு ஓட்டுற? மெதுவா போனா நல்லா வரும்னு எவன் சொன்னான்? மரம் இன்னா உன் மாமியாரா?"

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அவனுக்கு அவமானம். "அதுக்கு மெஷின் எதுக்கு? வூட்டுக்குப் போய் தோசைய திருப்பு" என்பான்.

அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடித்துவிட்டு, கையில் பிளாஸ்திரியோடு நேராக ஷெட்டுக்கு வருவான். முகம் சாம்பல் பூத்திருக்கும். அப்படி வந்து உட்கார்ந்த ஒரு மதியம், "மச்சான், ஒரு போர்டு வெட்டணும்" என்றான்.

"எந்த ரிசார்ட்டுக்கு?"

"எனக்குடா. சிலுவை."

வாயைக் கழுவுடா என்று கத்தினேன். அவன் சிரித்தான். பிறகுதான் சொன்னான். செத்தவர் பெயர் எழுதிய மரச்சிலுவையைப் பெற்ற பிள்ளைதான் பெட்டிக்கு முன்னால் கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப்போக வேண்டும். அது அவர்கள் தெருவில் பழக்கம். அவன் அப்பாவுக்கு அவன் தூக்கினான். அவசரத்தில் யாரோ ஆணியடித்துக் கொடுத்த கரடுமுரடான கட்டை. உள்ளங்கையில் மரச் சிலாம்பு ஏறிச் சீழ் பிடித்துவிட்டது.

"சோறு பிசைய முடியல மச்சான். அப்பன நெனைச்சா இப்பவும் கைதான் வலிக்குது. எனக்குக் கீறது ஒரே பொண்ணு. அவ கையில சிலாம்பு ஏறக் கூடாது. அவ்ளோதான் நான் கேக்கறது."

சரி என்றேன். அவன் சாகமாட்டான் என்று அப்போது நான் நம்பியதால் அது எளிதாக வாயில் வந்தது.

ஐப்பசி மழையில், விடிந்ததும் அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, அவரு போய்ட்டாரு" என்றாள். அன்று மாலையே அடக்கம். நான் சாவு வீட்டுக்குப் போகாமல் ஷெட்டுக்குப் போனேன்.

முதல் சிலுவையைப் பம்மித்தான் ஓட்டினேன். மாவு கொட்டியது. ஓரம் கருகி, குறுக்குக் கையில் தேங்காய் நாரைப்போலப் பிசிறு நின்றது. தூக்கி எறிந்தேன். மிச்சப் பலகையில் இன்னொன்றுக்குத்தான் இடம். புது பிட் மாட்டினேன். அவன் வைத்திருந்த வேகத்தையே வைத்தேன். மயிரிழை விட்டு வெட்டி, கடைசி ஓட்டத்தை விட்டபோது, வாய்விட்டு அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். சுருள் கொட்டியது. விரலை ஓரம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அவன் பிணமாகக் கிடந்த நேரம் அது.

அவன் மகள் எட்டாவது படிக்கிறாள். சிலுவையோடு நான் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். "இன்னா பொண்ணு இது, கல்லாட்டம் கீது" என்று ஒரு அம்மாள் என் காதுபடவே சொன்னாள். சிலுவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் கை மாற்றிப் பிடித்தாள். உள்ளங்கை சுத்தமாக இருந்தது. சொன்னதைச் செய்துவிட்டேன் மச்சான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மண் தள்ளி முடிந்ததும், குழி வெட்டியவர் சிலுவையை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார்.

"இன்னாபா இது, அடி தட்டையா கீது? மண்ணுல எப்படி எறங்கும்?"

எங்கள் போர்டு எதுவும் மண்ணில் இறங்கியதில்லை. சுவரில் மாட்டுவார்கள், இல்லையென்றால் இரும்புக் கம்பத்தில் போல்ட் போடுவார்கள். அடியைக் கூராக வெட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். நான் வாய் திறப்பதற்குள் அவர் சிலுவையைக் கல்லில் நிறுத்தி, கத்தியால் இரண்டு பக்கமும் கொத்திவிட்டார். ஈர மரம் நார் நாராகக் கிழிந்து நின்றது.

"நீயே நடும்மா" என்று அவளிடம் கொடுத்தார்.

அவள் குனிந்து, அடியோடு சேர்த்துப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். கை வழுக்கியது. "ஆ" என்றாள்.

அப்புறம் அழுதாள். தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். "அழும்மா, நல்லா அழு" என்று பெண்கள் கட்டிப்பிடித்தார்கள். அவர்களை உதறிவிட்டு என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள். "மாமா, எடுங்க மாமா."

அவள் அம்மா தாலிச் சங்கிலியிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துடைத்துத் துடைத்துக் குத்தினேன். கடைசியில் சிலாம்பு வந்தது. என் நகத்தின் மேல் வைத்து அவளுக்குக் காட்டினேன்.

"வந்துடுச்சு பாரும்மா. வந்துடுச்சு."

அவள் அதைப் பார்த்தாள். "இன்னும் வலிக்குது மாமா" என்றாள்.