மாப்பிள்ளையின் நீள முகம்

என் மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கு முகம் நீளம். சாதாரண நீளம் இல்லை. அவர் முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் நாத்தனார் அடுப்படிக்குள் வந்து என் காதைக் கடித்தாள்.

"அண்ணி, நெத்தியில ஆரம்பிச்சு தாடைக்கு வந்து சேர்றதுக்குள்ள காபி ஆறிடும் போலிருக்கே."

கன்னம் ஒட்டி, நெற்றிப்பொட்டுப் பக்கம் குழிந்து, வாய் கொஞ்சம் திறந்தே இருக்கும். எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டவர் அப்படியே நின்றுவிட்ட மாதிரி. எனக்கு அந்த முகம் பிடித்துவிட்டது. எனக்குப் பிடித்துவிட்டால் பிடித்ததுதான். யார் வந்து என்ன சொன்னாலும் மாறாது.

அவர் முடிவெட்டுகிறவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்ட சலூன். சவரம் செய்யும்போது தாடை முனையில் விரலை வைத்து, "பல்லைக் கடிங்க" என்பார். கடித்தால் அங்கே ஓர் உருண்டை எழும்பும். அது எந்த இடத்தில் எழும்புகிறதென்று பார்த்துத்தான் தாடியை ஒதுக்குவார். கறிக்கடைக்காரருக்கு அது எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்.

"அண்ணே, ஆட்டை வெட்டுறீங்களா, கடிச்சே பிரிக்கிறீங்களா?"

"உன் மூஞ்சிய முதல்ல பாருடா நீட்டு. வண்டிக்குதிரை உன்னைப் பாத்தா சொந்தக்காரன்னு கடைக்குள்ள வந்துரும்."

"அதுக்கும் கிராப்பு வெட்டி அனுப்புறேன்."

நீட்டு என்றுதான் தெருவே கூப்பிட்டது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சாப்பாட்டில்தான் எனக்குப் பொறுமை போய்விடும். எல்லோரும் கை கழுவி, தட்டைக் கழுவி, அடுப்பையும் துடைத்த பிறகும் அவர் மட்டும் மென்றுகொண்டிருப்பார். கறி என்றால் குழைய வேக வேண்டும். "மாப்பிள்ளை, இனிமே உங்களுக்குக் காலைச் சாப்பாட்டையும் ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்தே போட்டுடறேன்" என்பேன். "நடுவுல எந்திரிக்க விடுவீங்கன்னா சரி அத்தை" என்பார்.

பேத்தி பிறந்தாள். தவழ்கிற வயதில் எல்லாப் பிள்ளையையும் போலத்தான் உருண்டையாக இருந்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் முகம் நீண்டது, வாயும் திறந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலிக் கைகள் மேல் பலகை போட்டு அவளை உட்காரவைத்து, வருகிறவரிடமெல்லாம் காட்டுவார். "பாத்துக்குங்க, அச்சு நான்." அவளும் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துத் தாடையை இன்னும் கொஞ்சம் தொங்கப்போட்டுக் காட்டுவாள். கடையே சிரிக்கும்.

ஒரு குளிர்காலக் காலையில் வெட்டி முடித்த பிறகும் கத்தரிக்கோலை அவரால் கீழே வைக்க முடியவில்லை. விரல்கள் மூடியபடியே நின்றுவிட்டன. இன்னொரு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். குளிர் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வெந்நீரில் கையை வைத்தார். வெயில் காலத்திலும் அது வந்தபோது எங்களிடம் சொல்லவில்லை. பிறகு ஒரு மதியம் ரொட்டித் துண்டு தொண்டையில் நின்று கண் சொருகிவிட்டது. முதுகில் அறைந்து வெளியே கொண்டுவந்தோம். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பள்ளி விடுமுறை என்பதால் பேத்தியும் கூட வந்தாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் அவர் கட்டைவிரல் மேட்டில் ஒரு தட்டு தட்டினார். விரல் உள்ளே மடங்கியது. திரும்பி வர மனசே இல்லாததுபோல் மெதுவாக வந்தது. பிறகு அவருடைய தாடை முனையில் இரண்டு விரலை வைத்தார்.

"பல்லைக் கடிங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், நம்ம தொழில் என்கிற மாதிரி.

"இன்னும் நல்லா கடிங்க."

"கடிச்சுக்கிட்டுத்தான் டாக்டர் இருக்கேன்."

அந்தச் சிரிப்பு போன இடம் எனக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். உடம்பெல்லாம் தசை தளர்ந்துகொண்டே போகிற நோய். குடும்பத்தில் வருவது. தாடையைத் தூக்கிப் பிடிக்கிற தசை சின்ன வயதிலேயே சோர்ந்திருக்க வேண்டும். அது இழுத்துப் பிடிக்காததால் தாடை கீழே தொங்கி, எலும்பும் கீழ்நோக்கியே வளர்ந்து முகம் நீண்டிருக்கும்.

"உங்க அப்பாவுக்கும் இந்த முகம்தானா?"

"ஆமா. அவர் நாப்பதைத் தாண்டலை."

டாக்டரம்மாவின் கண் பேத்தி பக்கம் போனது. அவள் முக்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி அந்தச் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி. ரத்தத்துல தெரியும். ஆனா இப்ப அவகிட்ட வேற அறிகுறி எதுவும் காணோம். அவசரமில்லை."

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்த பிடியை விடவில்லை. "ரத்தம் எடுத்துப் பாத்துடலாம் மாப்பிள்ளை."

"பாத்து? மருந்து இருக்குன்னு சொன்னாங்களா?"

"இல்லைன்னு வந்தா நிம்மதியா இருக்கலாம்ல?"

"இருக்குன்னு வந்தா, அவளுக்குப் போடுற ஒவ்வொரு சாப்பாட்டையும் நான் எப்படிப் பாத்துக்கிட்டு உக்காருவேன் அத்தை?"

என் மகள் இரண்டு பேருக்கும் நடுவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

ரத்தம் எடுக்கவில்லை. ஆனால் பார்ப்பதை அவர் விட்டாரா? அவித்த மக்காச்சோளம், தோலோடு கடலை, காய்ந்த ரொட்டி என்று கடினமானதாகத் தேடித் தேடி வாங்கிவந்து அவளுக்குக் கொடுப்பார். அவள் கடிக்கும்போது தாடை முனையில் விரலை வைப்பார். உருண்டை எழும்புகிறதா, எத்தனை பெரிதாக எழும்புகிறது. முகம் துடைக்கிற தேங்காய்ப்பூத் துண்டின் ஒரு முனையை அவர் கடித்துக்கொண்டு மறுமுனையை அவளிடம் கொடுத்து இழுக்கச் சொல்வார். அவளுக்கு அது விளையாட்டு. கொஞ்ச நாளில் அவள் ஜெயிக்க ஆரம்பித்தாள்.

"ஜெயிச்சுட்டாளே, அப்புறம் என்ன?" என்றேன்.

"அவ பலமா, என் பலவீனமான்னு தெரியலையே அத்தை."

அதனால் மறுமுனையை என்னைக் கடிக்கச் சொன்னார். நானும் முட்டாள்தனமாகக் கடித்தேன். பேத்தி தலையை ஒரு வெட்டு வெட்டினாள். துண்டோடு என் முன்பல்லும் போய்விட்டது. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்துச்சுல்ல அத்தை."

எனக்குப் பல் போனதில் வருத்தமில்லை. வேறு ஒன்றில்தான். "அச்சு நான்" என்கிற அந்த வார்த்தையைச் சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். யாராவது வந்து, "பொண்ணு அப்படியே அப்பா" என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சேச்சே, அவ அம்மா ஜாடை" என்பார். ஒரு நாள் கறிக்கடைக்காரர் தெரியாமல், "குட்டி நீட்டு, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டார்.

"அவளை அப்படிக் கூப்பிடாதீங்க" என்று மாப்பிள்ளை கத்திவிட்டார். சவரக்கத்தி கையிலிருக்கும்போது குரலை உயர்த்தாத மனிதர். பேத்தி பலகையிலிருந்து இறங்கிப் பேசாமல் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் தாடையை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"பாட்டி, என் மூஞ்சி அப்பாவுக்குப் பிடிக்கலையா?"

"பைத்தியமா உனக்கு? உன் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் சலூன் பக்கம் போனதில்லை. வாயை இறுக்க மூடி வைக்கப் பழகிக்கொண்டாள். பேசும்போதுகூடக் கையால் தாடையை மறைத்துக்கொள்வாள்.

சலூனையும் மூடினோம். மாப்பிள்ளைக்குக் கண் மங்கியது, கஞ்சி தவிர வேறு எதுவும் இறங்கவில்லை. பேசினால் வார்த்தை குழறியது. கடைசியில் அவருக்குச் சவரம் செய்துவிட்டது பேத்திதான். அப்போது அவள் வளர்ந்த பெண். யாரும் சொல்லித்தராமலே அவர் தாடை முனையில் விரலை வைத்து, "பல்லைக் கடிப்பா" என்றாள். அங்கே ஒன்றும் எழும்பவில்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வந்தார். அவள், "அசையாதப்பா, வெட்டிடும்" என்றாள். சொல்லாமல் விட்டுவிட்டார்.

தூக்கத்திலேயே போனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வாய் மூடி இருக்கட்டும் என்று தாடையைச் சுற்றித் துணி கட்டினார்கள். அவிழ்க்கச் சொல்லி நான் சண்டை போட்டேன். அந்த மனிதர் இருந்த நாளெல்லாம் வாய் திறந்துதானே இருந்தது? இப்போது மட்டும் எதற்கு? யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பேத்தி வேலைக்குப் போனாள். ஒரு நாள் தானாகவே போய் ரத்தம் கொடுத்தாள். முடிவு வந்த அன்று வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள்.

"எனக்கு இல்லை பாட்டி."

என் மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. அந்தத் துண்டையும் என் பல்லையும் நினைத்துக்கொண்டேன்.

"அப்ப இந்த நீளம்?" என்று கேட்டேன்.

"அதையும் கேட்டேன். சின்ன வயசுல மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்து அடைச்சிருக்குமாம். வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டே முகம் இப்படி ஆகியிருக்கலாமாம். அப்பாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்னு சொன்னாங்க." கையால் தாடையை மறைத்தபடியே சொன்னாள். "நான் அவர் மாதிரியே இல்லை போல, பாட்டி."

டாக்டர் படித்தவர். மூக்கைப் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு சாப்பாடு போட்டவள் நான். அது மென்று முடிக்கும்வரை காத்திருந்தவள் நான். அவள் கையைப் பிடித்துத் தாடையிலிருந்து இறக்கினேன்.

"அச்சு உங்கப்பன்" என்றேன்.

"டாக்டர் சொன்னதைத்தான் பாட்டி நான்..."

"அவங்க ஆயிரம் சொல்லட்டும். உங்கப்பன் சொல்லாம விட்டதை நான் சொல்றேன். அச்சு உங்கப்பன்."

அவள் வாய் மெல்லத் திறந்துகொண்டது. மூடிக்கொள்ளாமல் அப்படியே நின்றாள்.