நீல நூல் போட்ட உறை

வாசல் கதவுக்குப் பக்கத்தில், சாவி மாட்டும் ஆணிக்கு அடுத்த ஆணியில், ஒரு மஞ்சள் பை தொங்கும். அதற்குத் துணி வெட்டியது பெரியவள். ஜிப் வைத்தது பெரியவள். உள்ளே இரண்டு ஊசிப் பேனாக்கள் ஆடாமல் நிற்கும்படி இரண்டு அறை பிரித்துத் தைத்ததும் பெரியவள்தான். ஆனால் வீட்டில் எல்லோரும் அதைச் ‘சித்தி பை’ என்றுதான் சொன்னார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பெரியவள் சன்னல் திரைகள் விற்கும் கடையின் பின்னறையில் பதினோரு வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறாள். கொழுந்தனின் மனைவியான சின்னவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அலறினாலும், தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை அலட்டிக்கொள்ளாமல் மிதித்துவிட்டு, “சரி, மறுபடி எடுங்க” என்பாள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில். நடுவில் பெரியவளின் ஒரே மகள், ஒன்பது வயது. வாய் ஓயாது என்பதால் குருவி.

குருவிக்கு முந்திரி ஆகாது. ஆகாது என்றால் வயிற்றுப்போக்கு, அரிப்பு என்கிற சங்கதி இல்லை. நாலு வயதில் ஒரு துணுக்கு உள்ளே போய், முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் போய் விழுந்தார்கள். அங்கேதான் டாக்டரம்மா அட்ரினலின் நிரப்பிய இரண்டு பேனாக்களை எழுதிக்கொடுத்தார். மூடியை இழுக்க வேண்டும், தொடையின் வெளிப்பக்கத்தில் துணிக்கு மேலேயே அழுத்த வேண்டும், ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் பத்து எண்ண வேண்டும். பழகிப் பார்க்க ஊசியும் மருந்தும் இல்லாத பொம்மைப் பேனா ஒன்றும் கொடுத்தார். அதுவும் அதே உருவம், அதே ‘டக்’, மேலே ஒட்டிய லேபிள் மட்டும் வேறு.

பொம்மைப் பேனாவில் பெரியவள் நன்றாகத்தான் செய்தாள். ஆறு வயதில் குருவி யாரோ கொடுத்த ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு வந்து நின்றபோதுதான் கை உறைந்துவிட்டது. நிஜப் பேனாவைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். சின்னவள் அந்த வீட்டுக்கு வாழவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. “குடுங்க அக்கா” என்று வாங்கி, குத்தி, பத்து எண்ணி, குழந்தையைப் படுக்கவைத்து, கால்களைத் தலையணைமேல் தூக்கிவைத்து, மணியைப் பார்த்துச் சொல்லி, ஆம்புலன்சையும் கூப்பிட்டுவிட்டாள். பெரியவள் அப்போதும் நின்ற இடத்தில்தான் நின்றாள்.

அவ்வளவுதான். அன்று பிடித்தது சனி. ஸ்கூல் படிவத்தில் ‘அவசரத்துக்கு அழைக்க’ என்ற இடத்தில் குருவி தானே சித்தியின் நம்பரை எழுதினாள். சுற்றுலா போனால் சித்தி வர வேண்டும். கடையில் பிஸ்கட் வாங்கினால் பொட்டலத்தின் பொடி எழுத்தைச் சித்தி படித்தால்தான் நம்பிக்கை. கணவனோ வந்தவர் போனவரிடமெல்லாம், “நாளெல்லாம் ஊசியோடதான் இவளுக்குப் பொழப்பு. ஆனா ஊசின்னா பயம்” என்று சொல்லிச் சிரிப்பான். சின்னவள் மட்டும் சிரிக்க மாட்டாள். அந்தச் சிரிக்காத முகத்தைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

யாருக்கும் தெரியாமல் பெரியவள் பழகினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்னறையில், சுருட்டி வைத்த தடித்த திரைத்துணியைத் தொடையாக நினைத்துப் பொம்மைப் பேனாவால் குத்துவாள். பத்து எண்ணுவாள். அடுத்த தடவை என் கைதான் என்று சொல்லிக்கொள்வாள். பெற்ற பிள்ளைக்கு அடுத்த தடவை ஒன்று வர வேண்டும் என்று ஒரு தாய் காத்திருக்கிறாள் என்றால் அதற்கு என்ன பெயர் சொல்வது? அவளுக்கே அது தெரிந்தது. தெரிந்தும் குத்தினாள்.

போன மாதம் கைவேலை காட்டப்போய்ப் பேனாக்களுக்கு உறை தைத்தாள். வெயில் படாமலிருக்க, இரண்டு முனையும் திறந்த, கச்சிதமான மஞ்சள் உறை. அதைக் கழற்றாமலே குத்தலாம். பொம்மைப் பேனாவுக்கும் ஒன்று தைத்தாள். வித்தியாசம் தெரிய அதன் ஓரத்தில் மட்டும் நீல நூல் போட்டாள். அந்த நூல் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு.

பிறகு ஒரு காரியம் செய்தாள். பையிலிருந்து நிஜப் பேனா ஒன்றை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆபத்து வந்தால் ஆணிக்கும் சின்னவளுக்கும் ஓட வேண்டியதில்லை, தன்னிடமே இருக்கும். ஆனால் சின்னவள் தினமும் காலையில் பையைத் தொட்டு, இரண்டு மூடியும் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பவள். அதனால் காலி அறையில் நீல நூல் உறையைச் சொருகிவைத்தாள். ஒன்று நிஜமாகத்தானே இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவள் உள்ளறையில் திரைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆம்பளைகள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். குருவி மாடிப்படியில் விளையாடிவிட்டு வந்தவள், கூடத்தில் இருந்த சித்தியிடம், “மேல்வீட்டு ஆன்ட்டி கேக் குடுத்தாங்க. முந்திரி இல்லன்னு சொன்னாங்க. நாக்கு அரிக்குது சித்தி” என்றாள். கேக்கில் முந்திரி இல்லைதான். முந்திரி கேக்கை வெட்டிய கத்தியால் அதையும் வெட்டியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

“அக்கா” என்று ஒரு குரல் மட்டும் வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு ஓடினாள். அதற்குள் ‘டக்’ சத்தம் கேட்டுவிட்டது. குருவி சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உதடு தடித்திருந்தது, கழுத்தெல்லாம் தடிப்பு, மூச்சில் விசில். சின்னவள் தொடையில் பேனாவை அழுத்திப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. பேனாவை எடுத்துக் கீழே வைத்தாள்.

உறையின் ஓரத்தில் நீல நூல்.

“மருந்து போயிடுச்சு. மணி ரெண்டு பத்து” என்றாள் சின்னவள், ஆம்புலன்சுக்கு நம்பரை அழுத்திக்கொண்டே. “அஞ்சு நிமிஷம் பார்ப்போம் அக்கா. அடங்கலன்னா ரெண்டாவது.”

அஞ்சு நிமிஷம். போகாத மருந்து வேலை செய்ய அஞ்சு நிமிஷம். பெரியவளுக்கு முதலில் வந்த நினைப்பு குழந்தையைப் பற்றியது இல்லை. இவளுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் முதலில் வந்தது. அந்த நினைப்பை அவள் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. கைப்பை நாற்காலியில் கிடந்தது. எடுத்தாள், மூடியை இழுத்தாள், குருவியின் இன்னொரு தொடையில் வைத்து அழுத்தினாள்.

சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “இப்பதானே அக்கா குடுத்தேன்? இவ்வளவு சீக்கிரம் ரெண்டாவது போடக் கூடாது.”

“நீ குடுத்தது பொம்மை” என்றாள் பெரியவள். “நான்தான் மாத்தி வெச்சேன். கையை விடு. மூணு, நாலு...”

சின்னவள் கையை விட்டாள். குருவியின் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, போனில் விலாசம் சொன்னாள். பெரியவள் பத்துவரை எண்ணினாள். கை நடுங்கவே இல்லை. நாலு நிமிஷத்தில் விசில் சத்தம் குறைந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது குருவி, “எனக்கு நடக்கத் தெரியும்” என்று சண்டை போட்டாள். அவர்கள் கேட்காமல் ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “மறுபடி கிளம்ப வாய்ப்பிருக்கு, ராத்திரிவரை இருக்கட்டும்” என்றார். எத்தனை ஊசி என்று கேட்டார். “ஒண்ணுதான். ரெண்டு பதினொண்ணுக்கு. அக்காதான் போட்டாங்க” என்றாள் சின்னவள்.

“சரியா பண்ணியிருக்கீங்கம்மா” என்று டாக்டரம்மா பெரியவளின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தகவல் கேட்டு ஓடிவந்த கணவன், “நீயா?” என்றான். “நிஜமா நீயா போட்டே?” மூன்று வருடமாக அவள் காதில் விழக் காத்திருந்த வார்த்தை. கொழுந்தன் கையெடுத்துக் கும்பிடாத குறை. சின்னவள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் நடக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்த நீல நூல் உறை பைக்குள்தான் இருந்தது. அவள் வாயைத் திறக்கப்போவதில்லை என்று பெரியவளுக்குப் புரிந்தது. இந்த நல்ல பேரையும் இவளேதான் எனக்குப் போட வேண்டுமா, பிச்சை மாதிரி? பொறாமைக்கு நேரம் காலம் தெரியாது. மகள் பிழைத்துக் கிடக்கிற கட்டிலின் பக்கத்திலும் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

குருவி கண்ணைத் திறந்தாள். “யாரு ஊசி போட்டது?”

“உங்கம்மாதான்” என்றாள் சின்னவள்.

“பொய். அம்மாவுக்குப் பயம்.”

பெரியவள் எழுந்து நின்றாள். கணவனைப் பார்த்துத்தான் சொன்னாள். “சித்திதான் முதல்ல போட்டா. அது பொம்மைப் பேனா. நிஜத்தை எடுத்து என் பைக்குள்ள வெச்சுக்கிட்டு, பொம்மையை அங்க சொருகினது நான். இவளுக்கு முந்தி நான் போடணும்னு. வேற ஒண்ணுமில்ல.”

கொழுந்தன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சின்னவள் தலை குனிந்துகொண்டாள்.

குருவி கொஞ்சம் யோசித்தாள். “அதான் ரெண்டு காலும் வலிக்குது” என்றாள். பிறகு, “சித்தி, நீ இங்க வந்து படு” என்று நகர்ந்து இடம் விட்டாள்.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள்.

“போ. உன்னைத்தானே கூப்பிடறா” என்றாள் பெரியவள்.

சின்னவள் பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் ஏறிக்கொண்டாள். குருவி சித்தியின் கையை எடுத்துத் தன் கழுத்துக்கடியில் வைத்துக்கொண்டாள். பெரியவளுக்கு வயிறு பழையபடியே எரிந்தது. இனியும் எரியும், அதற்கு எந்தப் பேனாவும் கிடையாது. அவள் நாற்காலியை வெளிச்சம் வருகிற பக்கம் இழுத்துப் போட்டு, கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். பொம்மைப் பேனாவின் உறையைப் பிரித்தாள். அடுத்து நிஜப் பேனாக்களின் உறைகளையும், எது எது என்று யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, தான் தைத்த ஒவ்வொரு தையலாகப் பிரித்துப்போட்டாள்.