சமையல்காரிக்கு ஒரு கப்பல் டிக்கெட்

அரியலூர் ராசாங்கத்தோடு டூர் போனவர்கள் வழியில் ஓட்டலில் சாப்பிட்டதாகச் சரித்திரம் கிடையாது. பஸ்ஸுக்கு மேலே பம்ப் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை எல்லாம் ஏறிவிடும். எங்கே மரநிழலும் தண்ணீர்க் குழாயும் தென்படுகிறதோ அங்கே பஸ் நிற்கும். ரெட்டிபாளையம் இருசம்மாள் இறங்கி உலை வைப்பாள். பழனிக்கும் அப்படித்தான், கன்னியாகுமரிக்கும் அப்படித்தான். அதனால் அவரிடம் டூர் பணம் மற்றவர்களைவிட ரொம்பக் குறைவு. கஞ்சன் என்று ஏசிக்கொண்டே எல்லோரும் அவரிடம்தான் போவோம். நானும் என் வீட்டுக்காரரும் அதில் சேர்த்தி.

2003 கோடையில் அவர் அந்தமான் டூர் போட்டார். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். கடைசி வகுப்பு டிக்கெட் மலிவுதான், கேன்டீன் சாப்பாடுதான் கையைக் கடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ராசாங்கம் அதற்கும் வழி வைத்திருந்தார். கப்பலுக்கு மேலே மொட்டை மாடி மாதிரி இடம் சும்மாதானே கிடக்கும், அங்கே அடுப்பை வைத்தால் போச்சு. அதற்காக இருசம்மாளுக்கு ஓசி டிக்கெட்.

இருசம்மாளுக்கு அது சாமி கொடுத்த வரம். அவளுடைய ஒரே மகள் சத்யா, கொத்தனார் புருஷனோடு போர்ட் பிளேரில் இருந்தாள். தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்து பெற வேண்டியவள், கப்பல் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அங்கேயே கிடந்தாள். தகப்பன் இல்லாத பெண். சுண்ணாம்புக்கல் குவாரிக் கூலியில் இருசம்மாள் தன் காசில் கப்பல் ஏறுவது நடக்கிற காரியமில்லை.

புறப்பட ஒரு வாரம் இருக்கையில், மருமகன் பிரேம்குமார் எங்கள் கடை போனுக்குப் பேசினான். பேசி முடித்துவிட்டு இருசம்மாள் ரிசீவரை வைக்காமலே நின்றாள். அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னாள். கப்பலில் நெருப்பே பற்ற வைக்கக் கூடாதாம். துறைமுக வாசலிலேயே அடுப்பைப் பிடுங்கிவிடுவார்களாம்.

"அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா என்னைய வுட்டுட்டுப் போயிடுவாரு. நீ வாயத் தொறக்காத" என்றாள்.

நான் திறக்கவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாரம் ராசாங்கம் எதிரில் வந்தால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். இருசம்மாளோ வேலையில் இறங்கிவிட்டாள். டூர் அரிசியில் பாதியை மில்லில் கொடுத்து, அதற்குப் பதில் அவல் வாங்கினாள். புளிக்காய்ச்சலைக் கெட்டியாகக் கிண்டி, எள்ளுப்பொடி இடித்து, மாவு வறுத்து, எல்லாவற்றையும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கட்டி வைத்தாள்.

சென்னைக்குப் போகிற வழியில் பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவள் மூட்டைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். துறைமுக வாசலில் காவலாளி எங்கள் சாமான்களைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார். அடுப்பும் மண்ணெண்ணெய் கேனும் ஒரு ஓரமாகப் போயின. ராசாங்கம் கெஞ்சினார், கத்தினார், கடைசியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேருக்கும் மூன்று நாள் கேன்டீன் சாப்பாடு என்றால் இந்த டூரில் அவருக்குக் கிடைக்கிற லாபம் கடலோடு போக வேண்டியதுதான். பிறகு எழுந்து வந்தார்.

"இருசம்மா, உனக்கு இனி அங்க வேல இல்ல. டிக்கெட்ட ரத்து பண்ணினா வர்றது வரட்டும். நீ நம்ம பஸ்லயே ஊருக்குப் போயிடு."

இருசம்மாள் அழவில்லை. மூட்டையை இழுத்து வாயை அவிழ்த்தாள். ஒரு பிடி அவலில் தண்ணீர் தெளித்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்து அவர் கையில் வைத்தாள்.

"சோறு போடுறதுதானங்க அண்ணே என் வேல. அடுப்பு இல்லாமப் போடுறேன்."

அவர் தின்றார். மென்றுகொண்டே மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும். சொல்லியிருந்தா நீங்க என்னையக் கூட்டியாந்திருக்க மாட்டீங்க."

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். ராசாங்கம் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் டிக்கெட்டையும் மற்ற டிக்கெட்டுகளோடு சேர்த்து நீட்டினார்.

கரை மறைந்ததும் எங்களுக்கெல்லாம் தலை சுற்ற ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் ஒருவரும் ஒரு வாய் தின்னவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிக் கொண்டுவந்த சாப்பாடு மூட்டையிலேயே கிடந்தது. நாங்கள் வாந்தி எடுக்க, இருசம்மாள்தான் ஒவ்வொருவர் தலையாகப் பிடித்துவிட்டாள். ராசாங்கத்தின் தலையையும்தான். இடையிடையே மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவாள். "இந்நேரம் வலி கண்டிருந்தா யாரு இருக்கா அவளுக்கு?" என்று என்னிடம் கேட்பாள். அவளை வேறு ஒரு பயமும் அரித்தது. ஐந்து நாளில் எங்களோடு அவள் திரும்ப வேண்டும், வழியெல்லாம் சோறு போட வேண்டும். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எப்படி வருவாள்? வரமாட்டேன் என்று எந்த வாயால் அவரிடம் சொல்வாள்?

போர்ட் பிளேரில் பிரேம்குமார் ஆட்டோவோடு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அத்தை, விடியக்காலையிலேருந்து வலி. ஆஸ்பத்திரியில உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா."

அவசரத்திலும் அவள் திரும்பி ராசாங்கத்திடம்தான் ஓடினாள். சொல்லாமல் போக மனம் வரவில்லை போலிருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, நான் உங்களோட திரும்பி வரலீங்க. மன்னிச்சுக்குங்க."

ராசாங்கம் பையை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"புள்ள பெத்தவள விட்டுட்டு எந்தத் தாய் அஞ்சு நாள்ல திரும்புவா? உனக்கு வர்றதுக்கு டிக்கெட்டே நான் எடுக்கல. எடுத்திருந்தா அது தண்டம்தான? மூட்டையில மிச்சம் கெடக்குற அவலே எங்களுக்குப் போதும். போ, நேரமாவுது."

அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இருசம்மாள் அதற்குள் ஆட்டோவில் ஏறியிருந்தாள்.