டேப்பின் மறுமுனை

அன்று ஆஜரில் இருந்தவர்கள்: நீதிமன்றம் ஆணையராக அனுப்பிய வழக்கறிஞர் கிங்ஸ்லி. சர்வேயர் மகாலட்சுமி. வழக்குப் போட்ட முனீஸ்வரி. எதிராளி தங்கபாண்டி.

நான்கே பேர். கிங்ஸ்லி எத்தனை முறை எண்ணினாலும் நான்குதான். அவர் குடிக்கிற ஆளில்லை. நடந்ததும் நட்டநடுப் பகலில். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

கம்பத்தில் ஒரு ஏலக்காய் குடோன். தங்கபாண்டியும் முனீஸ்வரியின் கணவன் சுருளியாண்டியும் கூட்டாக வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன் சுருளியாண்டி காணாமல் போனான். பங்கை எழுதிக்கொடுத்துவிட்டு ஓடிவிட்டான் என்று பத்திரத்தைக் காட்டினான் தங்கபாண்டி. பத்திரம் பொய் என்றாள் முனீஸ்வரி. வழக்கில், இடத்தை அளந்து வரும்படி கிங்ஸ்லிக்கு உத்தரவு.

"இங்கன என்னத்த அளக்க வந்தீக? ஒம் புருசன் கேரளாவுல வேற குடும்பம் நடத்துறான் ஆத்தா. அங்கன போயி அள," என்றான் தங்கபாண்டி.

"ஓடிப்போற ஆளில்ல சார் அவுக," என்றாள் முனீஸ்வரி, கிங்ஸ்லியிடம் மட்டும்.

11.50. ஷட்டர் திறந்தது. உள்ளே கரண்ட் இல்லை. வெயிலில் நின்ற கண்ணுக்கு எல்லாம் கறுப்பு. கிங்ஸ்லி நோட்டைப் பார்த்தபடியே இரும்பு டேப்பின் வளையத்தை உள்ளே நீட்டினார். ஒரு கை வாங்கிக்கொண்டு போனது.

ஈரமான கை.

டேப் சரசரவென்று ஓடி நின்றது.

"பிடிச்சாச்சாம்மா?"

டேப் இரண்டு முறை சுண்டியது. முப்பத்தெட்டரை அடி. எழுதினார்.

"வெளிப்பக்கம் அளந்துட்டேன் சார். வெளிநீளம் நாப்பது அடி."

மகாலட்சுமியின் குரல்... அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து.

12.07. டார்ச் அடித்தார்கள். முப்பத்தைந்தாவது அடியில் பின்சுவர் வந்துவிட்டது. டேப் நிற்கவில்லை. சுவருக்குள் போயிருந்தது. ஓட்டை இல்லை. கீறல்கூட இல்லை. சிமெண்டிலிருந்து முளைத்த மாதிரி.

"எவன்டா அது?" தங்கபாண்டி ஓடிப்போய் டேப்பைக் கையில் சுற்றி இழுத்தான்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

தொம்.

முகம் சுவரில் மோதியது. கிங்ஸ்லியின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு டேப் ஓடியது.

தொம்.

பல் தெறித்தது.

தொம்.

பிறகு டேப் தொய்ந்தது. 12.09.

போலீஸ் வந்து சுவரை இடித்தது. அரை அடிச் சுவருக்குப் பின்னால் மூன்றடி இடைவெளி. அதில் சுருளியாண்டி, எலும்பாக. டேப்பின் வளையம் விரலெலும்பில் கோத்திருந்தது.

"ஓடலைன்னு எழுதுங்க சார்," என்றாள் முனீஸ்வரி. கட்டுப் போட்ட கையால் கிங்ஸ்லி எழுதினார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை பிறகு வந்தது. முன்நெற்றியில் சுத்தியல் அடி. மூன்று.

தாடையில் கட்டுப் போட்ட தங்கபாண்டியைச் சிறையில் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். வாசலிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்யா... உள்ள நிக்கிறான்யா..."

தள்ளினார்கள். கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.