படலையில் கேட்ட ‘வந்திட்டம்’

பேய், முனி என்று யாராவது கதை தொடங்கினால் அந்த இடத்தில் முதல் சிரிப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் மாம்புரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தென்னந்தோட்டத்துக்குள் வெள்ளையாக ஏதோ நிற்கிறது என்று அயலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொன்னபோது, நேரே போய்ப் பார்த்து, அது யாரோ காயப்போட்டு மறந்த சாரம் என்று கண்டுபிடித்து, அதையே உடுத்திக்கொண்டு திரிந்தவன் நான். ஆகவே இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. பாதி இடத்தில் நானே சிரித்துவிடுவேன். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

கதைக்கு முன்னால் என் மனைவி மெற்றில்டாவைச் சொல்ல வேண்டும். கடல் தொழில் செய்கிற வீட்டுப் பெண். சின்ன வயதில் தோணி தள்ளும்போது அடிபட்டு இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். அவள் வருவது றப்பர் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்: டப், சர்ர்ர்... டப், சர்ர்ர். அவளுக்கு ஒரே ஒரு சட்டம். வீட்டை விட்டு இறங்கும்போது “போறன்” என்று சொல்லக்கூடாது. “போயிட்டு வாறன்” என்றுதான் சொல்ல வேண்டும். நான் கடலுக்குப் போன காலத்தில் வாய் தவறி “போறன்” என்று சொல்லிவிட்டால், வாசல் படலை வரைக்கும் வந்து சட்டையைப் பிடித்து இழுத்து, உள்ளே கூட்டிப்போய், கதிரையில் இருத்தி, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடியும் சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். நான் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லுவேன். அந்த இழுப்பு எனக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்டவள், ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, கடலை விட்டபின் நான் ஓட்டுகிற திரீவீல் ஆட்டோவில் ஏறுமுன் படலையைத் தொட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்து, “நான் போறன்” என்றாள்.

“ஏய், நில்லு, நில்லு. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ” என்று நான் பகிடி விட்டேன். அவள் சிரித்தாள். திருத்திச் சொல்லவில்லை. திரும்பி வரவுமில்லை.

யுத்தம் முடிந்து எங்கள் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. மகளும் கலியாணம் முடித்து நீர்கொழும்புக்குப் போய்விட்டதால், வீட்டில் சும்மா கிடந்த அறையை வாடகைக்கு விட்டேன். அப்படி வந்த வெள்ளைக்காரக் கிழவர்தான் சீயா. கடற்கரையில் ஒரு விமானக் காட்சி வைக்கிறார்கள், அதில் பறக்கவிடத் தன்னுடைய பழைய விமானத்தைப் பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். அவருடைய பெயர் நாக்கைச் சுளுக்க வைக்கும். தாத்தா என்று கூப்பிடலாமென்றால் எங்கள் முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், சிங்களத்தில் அது அப்பா. எதற்கு வம்பு என்று, சிங்களத்தில் பாட்டனைக் கூப்பிடுகிற மாதிரி ‘சீயா’ என்று வைத்துவிட்டேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

விமானம் என்றால் நீங்கள் பெரிதாக நினைக்க வேண்டாம். மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு, நடுவில் கம்பியும் துணியும். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர் இருக்கலாம், கூரை இல்லை. “சீயா, என்ட திரீவீல் இதைவிடப் புதுசு” என்றேன். முன் ஆசனம் அவருடைய மனைவியின் இடமாம். அவள் கண்மூடிப் போய்ச் சில வருடம் ஆகிறது. இப்போது அவளுடைய பழைய தோல் தொப்பியை அந்த ஆசனத்தில் வைத்துப் பட்டியால் கட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

தினமும் காலையில் நான்தான் அவரை விமானம் நிற்கிற மைதானத்தில் கொண்டுபோய் விடுவேன். முதல் நாள் அவர் தன் பாஷையில் விடைபெற்றபோது, எங்கள் ஊரில் அது சரிவராது என்று சொல்லி “போயிட்டு வாறன்” சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்தால் படலையில் நின்று “வந்திட்டன்” என்று சத்தம் வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் நாக்குக்கு ‘ட்’ வரவில்லை, ‘த்’ தான் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. மாலையில் திரும்பி வந்து படலையைத் தள்ளி, தெருவே கேட்க, “வந்தித்தம்!” என்றார்.

“சீயா, தனி ஆளெண்டா ‘வந்திட்டன்’. ‘வந்திட்டம்’ எண்டா கூட வேற ஆரோ வந்திருக்கினம் எண்டு அர்த்தம்.”

அவர் கையிலிருந்த தோல் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். “ஓம். ரெண்டு பேர்” என்று விரலை நீட்டினார். அதற்குப் பிறகு நான் இலக்கணம் படிப்பிக்கவில்லை.

வெளியே விறாந்தையில் இரண்டு கதிரை. பிரம்புக் கதிரை மெற்றில்டாவுடையது. சீயா முதல் நாளே அது யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அதில் இருந்ததே இல்லை. பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, கருப்பட்டி கடித்துத் தேத்தண்ணி குடிப்பார். ஒரு மாலை, என்ன பேய் பிடித்ததோ, அந்த ‘போறன்’ கதையை எனக்குத் தெரிந்த உடைசல் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவர் கடித்த கருப்பட்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, தான் தினமும் மேலே போவதாகவும், அங்கே மெற்றில்டாவைக் கண்டால் விசாரிப்பதாகவும் சொன்னார்.

“விசாரிச்சா மட்டும் காணாது சீயா, கையோட கூட்டிக்கொண்டு வாங்க. படலை திறந்துதான் கிடக்கும்” என்றேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அது சிரிப்பால் வந்த தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சி அன்று பாலாவியிலிருந்தும் வண்ணாத்திவில்லுவிலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம். மைதானத்து வாசலில் இறங்கிய சீயா தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி “போயித்து வாறம்” என்றார். “போயிட்டு வாங்க” என்றேன்.

என் பக்கத்தில் ரஷீத் நானா நின்றார். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்களை இயக்கம் துரத்தியபோது உடுத்த உடுப்போடு வந்து, பாலாவிச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். சீயா மேலே ஏறி, தலைகீழாக ஒரு வளையம் போட்டு, கரையை நோக்கிச் சரிந்து இறங்கினார் பாருங்கள், ரஷீத் நானாவைக் காணோம். குனிந்து பார்த்தால் மணலில் குப்புறக் கிடக்கிறார், இரண்டு கையும் காதில். அவர் மட்டுமல்ல. அந்தப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அத்தனை பேரும், பர்தா போட்ட பெண்கள் உட்பட, அறுத்துப்போட்ட நெற்கதிர் மாதிரிப் படுத்துவிட்டார்கள். யுத்தத்தில் குண்டு விழுந்த நாளிலிருந்து, விமானம் தாழ்ந்து வந்தால் படுப்பது அவர்கள் உடம்புக்குள் கிடக்கிற பழக்கம். சுற்றி நின்ற இளசுகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“என்ன நானா, தொழுகையில ஸுஜூதா?”

“வாயப் பொத்துடா பிலிப்பு” என்று மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “சனியன் புடிச்ச முதுகு, நான் சொல்லுறதக் கேக்குதில்ல.”

விமானம் இரண்டாவது தடவை ஏறியது. உச்சியில் எஞ்சினில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதியில் அது ஒரு காகிதம் மாதிரிச் சுழன்று சுழன்று வந்து கடலில் விழுந்தது. இந்த முறை ஒருவரும் படுக்கவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் நிறுத்த ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பெண்கள் சிலுவை போட்டார்கள், ரஷீத் நானா “இன்னா லில்லாஹி” என்றார், பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மீன்பிடி ஆட்கள் யாரையும் கேட்கவில்லை, படகுகளைத் தள்ளினார்கள். நானும் ஒன்றில் பாய்ந்தேன். சீயாவைக் கொண்டுவந்தோம். உயிர் இல்லை. தொப்பி கிடைக்கவில்லை. முன் ஆசனத்துப் பட்டி கட்டினபடியே இருந்தது, உள்ளே வெறுமை.

மறுநாள் காலையில் பொலிஸும் அவருடைய ஆட்களும் வந்து அறையிலிருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானச் சோற்றைத் தட்டால் மூடி வைத்தேன். கட்டிலில் சாய்ந்து கிடந்தேன். நித்திரை இல்லை, குடித்திருக்கவும் இல்லை. அதை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். வெயில் சாய்கிற நேரம், வழமையாக சீயா வருகிற நேரம், நல்ல வெளிச்சம். தகரப் படலை மணலில் உரசித் திறக்கிற சத்தம் கேட்டது.

“வந்தித்தம்!”

நம்பினால் நம்புங்கள். அந்த ‘த்’தை இந்தக் கரையில் வேறு எந்த நாக்காலும் போட முடியாது. சப்பாத்துக் காலடிச் சத்தம் முற்றத்தில் நடந்து வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

டப், சர்ர்ர்... டப், சர்ர்ர்.

இப்போது உங்கள் வீரனைப் பாருங்கள். பேய்ச் சாரத்தை உடுத்தித் திரிந்த சிங்கம் என்ன செய்தது? கதவுக்குக் கீழ்த் தாழ்ப்பாள் போட்டது. பிறகு கட்டிலுக்குக் கீழே பாய்ந்தது. அங்கே பழைய வலை கிடந்தது, காலில் சிக்கியது, உதறியபோது தலையிலும் சிக்கியது. “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கினேன், அதற்கு மேல் வரவில்லை. “பிஸ்மில்லாஹ்” என்றேன். சிங்களக் கூட்டாளிகள் புத்தரைக் கும்பிடும்போது சொல்கிற “இதிபிசோ”வையும் விட்டுவைக்கவில்லை. எந்தச் சாமியின் கந்தோரில் என் பதிவு இருக்கிறதோ, அந்தக் கந்தோர் காப்பாற்றட்டும்.

விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரை இழுபட்டது. கொஞ்சம் பொறுத்துப் பிரம்புக் கதிரை முனகியது. யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. என் பற்கள் அடிக்கிற சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். எவ்வளவு நேரமோ தெரியாது, யாராவது கதவைத் திறப்பார்கள் என்று காத்திருக்கிற ஆட்களைப் போல அங்கே இருந்தார்கள். தாழ்ப்பாள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான். என் கை நீளவில்லை.

பிறகு கதிரைகள் அசைந்தன. “போயித்து வாறம்” என்று அந்தக் குரல், இந்த முறை மெதுவாக. சப்பாத்து. அதன் பின்னால் டப், சர்ர்ர். படலை.

என்னை அப்படியே கண்டெடுத்தவர் ரஷீத் நானா. துக்கம் விசாரிக்க வந்தவர், கதவைத் தட்டியும் திறக்காததால் யன்னலால் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“டேய், வலையோட கட்டிலுக்குக் கீழ என்னடா புடிக்கிற?”

“நானா, ஆரும் வெளிய போனதக் கண்டீங்களா?”

“ஒருத்தரயும் காணல்ல. எழும்பி வந்து கதவத் தொற முதல்ல.”

நான் வலையைக் கழற்றிக்கொண்டு வெளியே வருமுன் மனிதர் களைப்பில் பிரம்புக் கதிரையில் இருந்துவிட்டார். இருந்த வேகத்திலேயே எழும்பினார்.

“ஆருடா இதுல இருந்த? சூடா ஈக்கிது.”

பிளாஸ்டிக் கதிரையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர். வெயில் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் விழுந்துகொண்டிருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “தொறந்திருக்கலாமேடா” என்று மட்டும் சொன்னார்.

இப்போது வெயில் சாயும் நேரத்தில் நான் திரீவீலை வாடகைக்கு ஓட்டப் போவதில்லை. கதவையும் படலையையும் திறந்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறேன். பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், சாரம் இன்னும் நடுங்கும். ஆனால் ‘போயிட்டு வாறம்’ என்றுதானே சொல்லிவிட்டுப் போனார்கள், ‘வாறன்’ அல்லவே. பின்னால் கால் இழுத்து நடந்தது மெற்றில்டா என்றால், அவள் தன் சொல்லைத் திருத்திவிட்டாள், எப்படியும் வருவாள்.

ஆனால் ஒன்று என்னை இன்றைக்கும் படுக்கவிடாமல் அரிக்கிறது. சீயாவுக்கும் ஒரு மனைவி இருந்தாள். இத்தனை மாலை பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தும், அவள் எப்படி நடப்பாள் என்று நான் அவரிடம் ஒரு தரம்கூடக் கேட்டு வைக்கவில்லை.